தைத்த கை எப்போது அசைய வேண்டும்?

கையில் அறுவை சிகிச்சை முடித்து வெளியே வரும் மருத்துவரிடம் உறவினர்கள் முதலில் கேட்பது, "கட்டை எப்போ சார் பிரிப்பீங்க?" என்றுதான். கட்டு இருக்கும்வரை கை ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும், பிரித்துவிட்டால் குணமாகிவிட்டது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மருத்துவ உலகமும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தது. கடந்த எண்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் அந்த எண்ணத்தைப் படிப்படியாகப் புரட்டிப்போட்டிருக்கின்றன. கட்டுக்குள் கை எவ்வளவு நாள் இருந்தது என்பதைவிட, எந்த நாளில் அசையத் தொடங்கியது, யார் பார்வையில் அசைந்தது என்பதே பலருக்கும் பலனைத் தீர்மானிக்கிறது.

தசைநாண், நரம்பு, எலும்பு, துண்டான விரல், தொழுநோயால் மடங்கிய கை ஆகிய ஐந்திலும் இந்த ஆய்வுகள் கண்டது என்ன, நம் நோயாளிகளுக்கு அதில் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விரலுக்குள் ஒரு குறுகிய பாதை

கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரல்களையும் மடக்குவதற்கு விரலுக்கு இரண்டு தசைநாண்கள் உள்ளன. ஒன்று விரலின் நடு எலும்பில் முடிகிறது. மற்றொன்று அதைப் பிளந்துகொண்டு நுனி எலும்புவரை போகிறது. இவற்றை இழுக்கும் தசைகள் இருப்பது முன்கையில். உள்ளங்கையின் மேல்ரேகை தொடங்கி விரலின் நடு எலும்புவரை இரண்டு நாண்களும் ஒரே உறைக்குள், எலும்போடு இறுக்கிப் பிடித்திருக்கும் வளையங்களுக்கு அடியில், சைக்கிள் பிரேக் கம்பி அதன் குழாய்க்குள் ஓடுவதுபோல ஓடுகின்றன.

கத்தியோ கண்ணாடியோ இந்த இடத்தை வெட்டினால் இரண்டு நாண்களும் அறுபடலாம். தைத்தால் தையல் போட்ட இடம் சற்றே தடிக்கும். ஆறும்போது உடல் உருவாக்கும் தழும்பு, நாணை உறையோடும் எலும்போடும் சேர்த்து ஒட்டிவிடும். நாண் கூடிவிட்டது, ஆனால் விரல் மடங்கவில்லை என்ற நிலை வரும். ஒட்டக்கூடாது என்று முன்னதாகவே அசைத்தால் தையல் பிரிந்து நாண் மறுபடி அறுந்துபோகலாம். கை அறுவையின் மையச் சிக்கல் இதுதான். மீதி ஆய்வுகளெல்லாம் இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே வழி தேடியவையே.

சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஸ்டெர்லிங் பன்னல் இந்தப் பகுதியை, முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளுக்கு இடையே கிடந்த நிலத்தின் பெயரால், யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று அழைத்தார். அங்கே அறுந்த நாணை உடனே தைக்க வேண்டாம். தோலை மட்டும் மூடிவிட்டு, புண் ஆறிய பிறகு வேறிடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்டுப்போடுவதே மேல் என்பது அவர் அறிவுரை. 1944-இல் வெளியான அவருடைய கை அறுவை நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்க வீரர்களுக்காகத் தனிக் கை சிகிச்சை மையங்கள் அமைந்தபோது அவர்தான் ஆலோசகர். அந்த மையங்களில் பயின்றவர்களைக் கொண்டு 1946-இல் அமெரிக்கக் கை அறுவைச் சங்கம் உருவாயிற்று. ஆகவே அவருடைய எச்சரிக்கை ஒரு தலைமுறை முழுவதற்கும் சட்டமாகவே இருந்தது.

ஓய்வுக்கு ஆதாரம் தந்த ஆய்வுகள்

அசைக்காதே என்று சொன்னவர்கள் வெறும் பழக்கத்தால் சொல்லவில்லை. 1941-இல் மேசன், ஆலன் என்ற இருவர் நாய்களின் தசைநாண்களை வெட்டித் தைத்து, அவற்றின் வலிமையை நாள்வாரியாக அளந்தனர். தைத்த முதல் சில நாட்களில் வலிமை குறைகிறது. ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குப் பிறகே ஏறத் தொடங்குகிறது என்று கண்டனர். மூன்று வாரம் கையைக் கட்டிவைப்பது என்ற வழக்கத்துக்கு இது உறுதியான அடித்தளமாயிற்று. 1962-இல் பொட்டென்சா, வெட்டுண்ட நாணுக்குத் தானாக ஆறும் திறன் இல்லை, சுற்றியுள்ள உறையிலிருந்து வரும் செல்களே அதை ஆற்றுகின்றன என்று வாதிட்டார். அது உண்மையானால், நாண் ஆற வேண்டுமென்றால் அது ஒட்டியே ஆக வேண்டும். விரல் விறைப்பதை நோயின் விதி என்று ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த முடிவை உடைத்தது சுவீடனைச் சேர்ந்த யோரன் லுண்ட்போரியின் சோதனை. 1970-களில் அவர் முயலின் தசைநாண் துண்டை முழங்கால் மூட்டின் திரவத்துக்குள் வைத்துப் பார்த்தார். சுற்றிலும் ஒட்டிக்கொள்ளத் திசு இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. அப்படியும் நாண், திரவத்திலிருந்தே ஊட்டம் பெற்று ஆறியது. அமெரிக்காவில் கெல்பர்மேனும் அவரது குழுவினரும் 1980-களில் நாய்களில் நடத்திய ஆய்வுகள் இன்னொரு படி மேலே போயின. கட்டுப்பாட்டுடன் அசைக்கப்பட்ட நாண்கள் கட்டிவைக்கப்பட்டவற்றைவிட வலுவாகவும் வழவழப்பாகவும் ஆறின. மேசனும் ஆலனும் கண்ட வலிமைக் குறைவு பெரும்பாலும் அசைக்காமல் வைத்ததன் விளைவு என்று இதிலிருந்து தெரியவந்தது. அசைவு, அதுவரை எல்லோரும் அஞ்சிய ஒன்று, ஆறுதலின் ஒரு பகுதியாக மாறியது.

தயக்கம் உடைந்த விதம்

ஆய்வகத்தின் முடிவுக்குக் காத்திராமல் சிலர் அறுவை அரங்கில் முன்னே போய்விட்டார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் குளோட் வெர்டன், கையை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, பன்னல் எச்சரித்த பகுதியான இரண்டாம் மண்டலத்திலும் உடனடித் தையல் சாத்தியம் என்று காட்டினார். அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹெரால்ட் கிளைனர்ட் 1967-இல் தம் நோயாளிகளின் முடிவுகளைக் கை அறுவைச் சங்கத்தின் முன் வைத்தார். காயம் பட்ட உடனே தைத்து, நகத்தோடு இணைத்த ஒரு ரப்பர் வளையத்தால் விரலை மடங்கிய நிலையில் இழுத்து வைத்தார். நோயாளி விரலைத் தாமாக நீட்டலாம். மடக்கும் வேலையை ரப்பர் பார்த்துக்கொள்ளும். தைத்த நாணுக்குச் சுமை ஏறாது, ஆனால் அது உறைக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். அவர் சொன்ன நல்ல பலன்களைக் கூட்டத்தில் பலரால் நம்ப முடியவில்லை. சில ஆண்டுகளில் அந்த முறையே உலகின் வழக்கமாயிற்று.

1975-இல் டூரானும் ஹௌசரும் இன்னொரு வழி சொன்னார்கள். ரப்பர் தேவையில்லை, மற்றொரு கையாலோ பிசியோதெரபிஸ்ட்டின் கையாலோ விரலை மெல்ல மடக்கி நீட்டினால் போதும். நாண் 3 முதல் 5 மி.மீ. வரை நகர்ந்தாலே ஒட்டுதலைத் தடுத்துவிடலாம் என்று கணக்கிட்டனர். 1989-இல் பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்து மூன்றாவது வழி வந்தது. நோயாளி தம் சொந்தத் தசையைக் கொண்டே, அளவோடு, முதல் வாரத்திலிருந்தே விரலை மடக்குவது.

நாண் தைத்த விரலைத் தாமாக மடக்கச் சொல்வதற்குத் துணிவு மட்டும் போதாது, தையலும் வலுவாக இருக்க வேண்டும். கையில் எதையும் பிடிக்காமல் விரலை வெறுமனே மடக்கும்போதே நாணில் 3.5 கிலோ வரை விசை விழலாம் என்று 1992-இல் அளந்து காட்டப்பட்டது. இரண்டு இழை மட்டும் குறுக்கே செல்லும் பழைய தையல் இதற்குத் தாங்காது. ஆகவே நான்கு, ஆறு இழைத் தையல்கள் வந்தன. சீனாவின் நான்டோங் நகரில் டாங் ஜின்போ இன்னொரு பழைய விதியையும் தளர்த்தினார். உறையின் வளையங்களைத் தொடவே கூடாது என்பது முன்னோர் சொன்னது. தடித்த தையல் தடையின்றி நகரும் அளவுக்கு ஒரு வளையத்தை ஓரளவு திறந்துவிட்டால் விரலுக்குக் கெடுதி இல்லை, நன்மையே என்று அவர் காட்டினார்.

விழித்திருக்கும் நோயாளி

இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த பெரிய மாற்றம் மயக்கமருந்தைப் பற்றியது. விரலில் உணர்ச்சியிழப்பு ஊசியுடன் அட்ரினலின் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் இரத்த ஓட்டம் நின்று விரல் அழுகும் என்று தலைமுறைகளாகக் கற்பித்தார்கள். கனடாவின் செயின்ட் ஜான் நகரில் டொனால்ட் லலோண்டு இந்த அச்சத்தின் வேரைத் தேடினார். பழைய விரல் இழப்புகளில் பெரும்பாலானவை புரோக்கெய்ன் மருந்து புழக்கத்தில் இருந்த காலத்தவை. நாட்பட்டால் அமிலமாக மாறும் அந்த மருந்தே திசுவைக் கெடுத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அவரும் உடன் ஆய்ந்தவர்களும் சுட்டிக்காட்டினர். 2005-இல் வெளியான அவரது பல மைய ஆய்வு, விரல்களிலும் கையிலும் அட்ரினலின் தந்த 3,110 பேரைத் தொடர்ந்து பார்த்தது. ஒருவருக்குக்கூட விரல் திசு சாகவில்லை.

இதனால் கிடைத்த லாபம் முழு மயக்கமும், இரத்த ஓட்டத்தை நிறுத்த மேற்கையில் கட்டும் பட்டையும் தேவையில்லாமல் போனது மட்டுமல்ல. நாணைத் தைத்து முடித்ததும், தோலை மூடுமுன், விழித்திருக்கும் நோயாளியிடம் "விரலை மடக்குங்கள்" என்று சொல்லலாம். தையலில் இடைவெளி விழுகிறதா, வளையத்தில் சிக்குகிறதா என்று மருத்துவர் கண்ணால் பார்த்து அங்கேயே திருத்தலாம். நோயாளியும் தம் விரல் முழுதாக மடங்குவதைப் பார்க்கிறார். பின்வரும் வாரங்களில் வலியோடும் வீக்கத்தோடும் பயிற்சி செய்ய வேண்டியவருக்கு அந்த ஒரு காட்சி தரும் நம்பிக்கை பெரிது.

இத்தனைக்குப் பிறகும் மேலே கண்ட மூன்று பயிற்சி வழிகளில் எது சிறந்தது என்று கேட்டால் உறுதியான விடை இல்லை. 2021-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளையும் 1,108 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. எந்த ஒரு பயிற்சி முறையையும் மற்றதைவிட மேலானது என்று சொல்லத்தக்க வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆய்வுகள் சிறியவை, ஒவ்வொன்றும் வேறு வேறு அளவுகோலைப் பயன்படுத்தியவை. தைக்கும் முறைகளைப் பற்றி எத்தனையோ சோதனைகள் செய்த துறை, தைத்த பின் வரும் மூன்று மாதங்களுக்கு அதில் சிறு பங்கு கவனம்கூடத் தரவில்லை. இந்தச் சமனின்மையை நான் இத்துறையின் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

வேலூரும் மடங்கிய விரல்களும்

அசைவின் மதிப்பை உலகுக்குச் சொன்ன இடங்களில் ஒன்று தமிழ்நாடு. பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படித்து 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குச் சென்றபோது, மடங்கி இறுகிய விரல்களுடன் இருந்த ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அந்தப் பிடியின் வலிமை அவரைத் திகைக்க வைத்தது. கை செத்துப்போகவில்லை, சில தசைகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன என்று புரிந்துகொண்டார்.

தொழுநோய் கையின் நரம்புகளைப் பெரும்பாலும் சில இடங்களில் மட்டுமே தாக்குகிறது. முழங்கைக்குப் பின்புறம் ஓடும் அல்நார் நரம்பும், மணிக்கட்டுக்குச் சற்று மேலே மீடியன் நரம்பும் அந்த இடங்கள். அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் படுத்துவிடுகின்றன. முன்கையின் பல தசைகள் நன்றாக இருக்கின்றன. நல்ல தசையின் நாணை எடுத்து, படுத்துவிட்ட தசையின் வேலைக்கு மாற்றிவிட்டால் விரல்கள் திரும்பவும் நிமிரும். 1940-களின் இறுதியில் தொடங்கி வேலூரில் நடந்த இந்த நாண் மாற்று அறுவைகள், தொழுநோயாளியின் கைக்கு இனி மீட்பில்லை என்ற எண்ணத்தை மாற்றின.

அறுவையோடு வேலை முடியவில்லை என்பதே பிராண்டின் பெரிய பாடம். மணிக்கட்டை நிமிர்த்திய தசை இனி விரலைச் சரிசெய்யப் பழக வேண்டும். அதற்குப் பிசியோதெரபி வேண்டும். பழகிய பின் உணர்ச்சியில்லாத அந்தக் கையால் வேலை செய்யும்போது சூடும் அழுத்தமும் தெரியாமல் காயப்படும். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாத கை திரும்பத் திரும்பக் காயப்பட்டே குறைகிறது என்று அவர் நிறுவினார். இரவில் தூங்கும்போது விரல் காணாமல் போனவர்களைக் கண்காணித்தபோது, எலிகள் கடித்துச் சென்றதுதான் காரணம் என்று தெரியவந்தது. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை தந்து அனுப்பினார்கள். வேலூரில் நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு மையம் அமைத்து, கைக்குப் பாதுகாப்பான பிடிகளுடன் தச்சு முதலிய தொழில்களைக் கற்றுக்கொடுத்தார்கள். அதே கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்வை இழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தையே தம் துறையாக்கிக்கொண்டார்.

நாண் மாற்று அறுவைக்குப் பின் மூன்று வாரம் மாவுக்கட்டு போடுவதே இங்கும் வழக்கம். அதையும் ஓர் இந்திய ஆய்வாளரே கேள்விக்குள்ளாக்கினார். ஒடிசாவில் பணிபுரிந்த டாக்டர் சந்தோஷ் ரத், மாற்றப்பட்ட நாணை உறுதியாகத் தைத்தால் கட்டிவைக்காமல் உடனே அசைக்கத் தொடங்கலாம் என்று 2008-லும் அதற்குப் பிறகும் வெளியான ஆய்வுகளில் காட்டினார். திருத்தத்தின் தரம் குறையவில்லை. தையல் பிரிவதும் கூடவில்லை. நோயாளிகள் சில வாரங்கள் முன்னதாகவே வேலைக்குத் திரும்பினர். அன்றாடக் கூலியில் வாழும் ஒருவருக்கு அந்தச் சில வாரங்கள் ஒரு குடும்பத்தின் சோற்றுக்குச் சமம். அதனாலேயே இந்த ஆய்வை, பெரிய செலவில் நடந்த பல மேலைநாட்டு ஆய்வுகளைவிட முக்கியமானதாகக் கருதுகிறேன்.

நரம்பும் மூளையும்

நரம்பின் கதை வேறு. அறுந்த நரம்பைத் தைத்தாலும் அதன் இழைகள் புதிதாக வளர்ந்துதான் விரலை அடைய வேண்டும். வளர்ச்சி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மி.மீ. மணிக்கட்டில் அறுந்தால் விரல்நுனியை அடைய ஆறு மாதமாகும். கழுத்தில் புஜ நரம்புப் பின்னல் கிழிந்தால் கையை எட்டுவதற்குள் இரண்டு ஆண்டுகள் தாண்டிவிடும். ஆனால் நரம்பின் தொடர்பை இழந்த தசை ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்குள் திரும்ப உயிர்க்கும் திறனை இழக்கிறது. நம் நாட்டில் இந்தக் காயத்துக்கு முதன்மைக் காரணம் மோட்டார் சைக்கிள் விபத்து. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் இளைஞர்கள். கை உயரவில்லை என்றால் "போகப் போகச் சரியாகும்" என்று ஓராண்டு காத்திருப்பது, மீட்கக்கூடிய காலத்தை வீணாக்குவதாகும்.

1994-இல் பிரான்சின் கிறிஸ்டோஃப் ஓபர்லின் தூரத்தைச் சுருக்கும் ஒரு வழியைச் சொன்னார். நன்றாக இருக்கும் அல்நார் நரம்பிலிருந்து ஓர் இழைக்கற்றையைப் பிரித்து, பக்கத்திலேயே இருக்கும் புஜத்தசையின் நரம்போடு இணைப்பது. சில மாதங்களில் முழங்கை மடங்கும். தொடக்கத்தில் நோயாளி கையைப் பொத்த நினைத்தால்தான் முழங்கை மடங்கும். தொடர்ந்த பயிற்சியில் மூளை புதிய பாதையைக் கற்றுக்கொண்டு, முழங்கையை மடக்க நினைத்தாலே மடங்கும் நிலைக்கு வரும். இங்கே பிசியோதெரபி தசைக்கு மட்டுமல்ல, மூளைக்கும் தரும் பயிற்சி.

உணர்ச்சியும் அப்படியே. தைத்த நரம்பின் இழைகள் எல்லாம் பழைய இடத்துக்கே போய்ச் சேர்வதில்லை. மூளைக்கு வரும் செய்தி குழம்பியிருக்கும்; காசையும் பொத்தானையும் தொட்டால் வேறுபாடு தெரியாது. லுண்ட்போரியும் பிர்கிட்டா ரோசேனும் மால்மோவில், நரம்பு விரலை அடையும் முன்பே பயிற்சியைத் தொடங்கலாம் என்று காட்டினர். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில், இழந்த கை இன்னும் இருப்பதுபோல் வலிக்கும் மாய உறுப்பு வலிக்கு அறிமுகப்படுத்திய கண்ணாடிப் பெட்டி இதற்கும் பயன்படுகிறது. நல்ல கையைத் தொடும்போது கண்ணாடியில் மரத்த கையே தொடப்படுவதாகக் கண் காண்கிறது. மூளையில் அந்தக் கைக்கான இடம் வெறுமையாகிவிடாமல் காக்கப்படுகிறது. முன்கையில் உணர்ச்சியிழப்புக் களிம்பு தடவினால், மூளையில் அதன் பக்கத்து இடமான கைக்குக் கூடுதல் வாய்ப்புக் கிடைத்து உணர்ச்சி மேம்படுகிறது என்றும் மால்மோ குழு கண்டது.

எலும்பில் கத்தி தேவைதானா?

எலும்பு முறிவு ஆய்வுகள் கேட்ட கேள்வி இன்னும் அடிப்படையானது. பிரிட்டனில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய பெரிய ஆய்வுகள் பல அறுவைகளின் தேவையையே சோதித்தன. மணிக்கட்டு முறிவில் தகடு வைத்துத் திருகுவதும் மெல்லிய கம்பி செருகுவதும் ஓராண்டு முடிவில் ஒரே பலனைத் தந்தன என்று 461 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014-இல் சொன்னது. தோள்பட்டைக்கு அடியில் விலகி முறிந்த 250 பேரில், அறுவை செய்தவர்களுக்கும் தூளி போட்டுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கும் இரண்டு ஆண்டுகளில் வேறுபாடில்லை என்று 2015-இல் ஓர் ஆய்வு கண்டது. மணிக்கட்டின் சிறு படகு எலும்பு அதிகம் விலகாமல் முறிந்த 439 பேரிடமும் 2020-இல் அதே முடிவு. 2018-இல் வந்த இன்னொரு ஆய்வு, தோள் வலிக்காக எலும்பைச் சீவும் அறுவையை, உள்ளே கருவியை விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடிய பொய் அறுவையோடு ஒப்பிட்டது. நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த முடிவுகளை எல்லா முறிவுக்கும் நீட்டிவிடக் கூடாது. எலும்பு வெளியே வந்த காயம், மூட்டுப் பரப்பு உடைந்த முறிவு, நரம்போ இரத்தக் குழாயோ பாதிக்கப்பட்ட கை ஆகியவற்றுக்கு அறுவை பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. 2022-இல் வந்த மணிக்கட்டு ஆய்வு, நேராக்கி மாவுக்கட்டு போட்டவர்களில் 13 சதவீதத்தினருக்கு எலும்பு மறுபடி நழுவி அறுவை தேவைப்பட்டதையும் பதிவு செய்தது. ஆகவே மாவுக்கட்டு போட்டவரையும் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரே எடுத்துக் கவனிக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும். முழங்கையையும் தோளையும் அசைக்க வேண்டும். மணிக்கட்டு கூடிவிட்டாலும் விரல்கள் விறைத்துப்போனவர்கள் நம் மருத்துவமனைகளில் ஏராளம். அவர்களில் பலருக்கும் இந்த ஒரு வரியை யாரும் நின்று சொல்லவில்லை.

துண்டான விரல்

உறுப்பை மறுபடி இணைக்கும் அறுவை 1962-இல் பாஸ்டன் நகரில் ஒரு சிறுவனின் கையோடும், 1963-இல் ஷாங்காயில் சென் சோங்வெய் ஒரு தொழிலாளியின் கையை இணைத்ததோடும் தொடங்கியது. 1965-இல் ஜப்பானின் நாராவில் கோமட்சுவும் டமாயும் நுண்ணோக்கியின் உதவியோடு முழுதாகத் துண்டான கட்டைவிரலை இணைத்தனர். இணைக்க வேண்டுமானால், துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட நீரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். நேராகப் பனிக்கட்டியில் வைத்தால் திசு கெட்டுவிடும். இந்த அறிவு பவர் பிரஸ் இருக்கும் ஒவ்வொரு பட்டறையின் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

இணைத்த விரலுக்கு உயிர் வந்துவிட்டது என்பதோடு ஆய்வுகள் நிற்கவில்லை. உயிரோடு இருந்தும் மடங்காத, உணர்ச்சியில்லாத விரல் மற்ற விரல்களுக்கும் இடைஞ்சலாகலாம். எதை இணைப்பது, எதை விடுவது என்ற முடிவே இங்கு கடினமானது. கட்டைவிரல், பல விரல்கள் சேர்ந்து துண்டானது, குழந்தைகளின் விரல் ஆகியவற்றுக்கு முயல வேண்டும் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகின்றனர்.

அசைவு யாருக்குக் கிடைக்கிறது?

இதுவரை கண்ட முடிவுகளை ஒன்றாக வைத்தால் ஒரு போக்கு தெளிவாகிறது. அறுவையின் நுட்பங்கள் உயர உயர, இரண்டு நல்ல முறைகளுக்கிடையே வேறுபாடு சுருங்கிக்கொண்டே வருகிறது. பலனில் வேறுபாடு பெருகுவது, அறுவைக்குப் பின் முறையான பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையேதான்.

ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வாரம்தோறும் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க முடிகிறவர்களிடம் நடந்தவை. அங்கேயே சிக்கல் உண்டு. நாண் தைத்தபின் இரவும் பகலும் ஸ்பிளின்ட் என்ற தாங்குபட்டை அணியச் சொல்லப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதைக் கழற்றியதை ஒப்புக்கொண்டதாக பிரிட்டனில் 2008-இல் வந்த ஓர் ஆய்வு கூறுகிறது. குளிக்கவும் உடுத்தவும் கழற்றினோம் என்றனர். இங்கே தறியிலோ பட்டாசு ஆலையிலோ கட்டட வேலையிலோ இருப்பவர், வாரம் இரண்டு நாள் பேருந்தேறி நகரத்துக்கு வர வேண்டும் என்றால் அந்த இரண்டு நாள் கூலியும் போகும். மூன்றாவது வாரத்தில் வலி குறைந்ததும் வருவதை நிறுத்திவிடுகிறார். விரல் ஒட்டிக்கொள்கிறது. அல்லது ஸ்பிளின்டைக் கழற்றிவிட்டு மூட்டை தூக்குகிறார். தையல் பிரிகிறது. நாண் தைத்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் நாண் மறுபடி அறுவதாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. தொடர் கவனிப்பு இல்லாத இடத்தில் இந்த எண்ணை நம்பி ஆறுதல் கொள்ள முடியாது.

அளவுகோல்களும் நம் வாழ்க்கையைப் பார்ப்பதில்லை. 1996-இல் உருவாகி உலகெங்கும் பயன்படும் முப்பது கேள்விகள் கொண்ட தோள்–கை வினாத்தாள், இறுகிய ஜாடியைத் திறக்க முடிகிறதா, கத்தியால் உணவை நறுக்க முடிகிறதா என்று கேட்கிறது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா, துணியைப் பிழிய முடிகிறதா, நின்றபடி பேருந்துக் கம்பியைப் பிடிக்க முடிகிறதா, பூத்தொடுக்க முடிகிறதா என்று கேட்கும் அளவுகோலைக் கொண்டு நம் மருத்துவர்கள் பலனை அளந்தால், ஆய்வின் முடிவுகள்கூட மாறலாம். வலக்கை விரல் முழுதாக மடங்காத ஒருவர் கரண்டியால் உண்ணலாம். பந்தியில் உட்கார்ந்து உண்ணத் தயங்குவார். அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுக்கும் ஆய்வு இங்கிருந்துதான் வர வேண்டும்.

அதற்கான மரபு இங்கே இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி கைக் காயங்களுக்கெனத் தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். விரல்நுனி சாய்வாக வெட்டுண்டால் மூடுவதற்கு 1980-இல் அவர் வெளியிட்ட முக்கோணத் தோல்மடிப்பு முறை இன்றும் உலகப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை துண்டான உறுப்புகளை இணைப்பதில் உலகப் பெயர் பெற்றது. கை அறுவையில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். பின்தங்கியிருப்பது அதற்குப் பிந்தைய கட்டத்தில்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. அறுவைக்கான காப்பீட்டுத் தொகையில் மூன்று மாதப் பிசியோதெரபியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் கைக்கெனப் பயிற்சி பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்ட்டோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ இருக்க வேண்டும். ஸ்பிளின்ட் செய்யும் பிளாஸ்டிக் தகடும் வெந்நீர்த் தொட்டியும் அங்கேயே கிடைக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபி ஏற்கெனவே உள்ளது. அதன் பணியாளர்களுக்குத் தைத்த கையை எப்படி அசைப்பது என்று கற்றுக்கொடுத்தால், பேருந்துச் செலவும் கூலி இழப்பும் இல்லாமல் பல விரல்கள் மீளும். அதோடு, இங்கே எத்தனை பேர் இடையில் நின்றுவிடுகிறார்கள், ஏன், அவர்களுடைய கை என்னவாயிற்று என்பதைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஆய்வு ஒன்று ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் நடக்க வேண்டும்.

நோயாளியின் குடும்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கட்டைப் பிரிக்கும் தேதி எழுதியிருக்கும். பயிற்சி தொடங்கும் தேதியும், எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்பதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கேளுங்கள். எழுதவில்லை என்றால் எழுதி வாங்குங்கள். எண்பது ஆண்டு ஆய்வு மருத்துவருக்குக் கற்றுத்தந்ததைக் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது.